கூவும் செட்டும் எட்டுக்கால் ஐ.சி.யும்

பாலிடெக்னிக் மின்னணு ஆய்வகத்தில் மாணவர் கையால் கட்டும் முதல் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் 741 என்ற எட்டுக்கால் ஆப்-ஆம்ப் ஐ.சி.யை நம்பியிருக்கும். பிரெட்போர்டின் நடுப்பள்ளத்துக்கு இருபுறமும் நான்கு நான்கு கால்கள் இறங்கும்படி அதைச் செருகி, உள்ளீட்டில் 10 கிலோ ஓம், பின்னூட்டத்தில் 100 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்களை வைத்தால் பத்து மடங்குப் பெருக்கம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் வகுப்பு தடுமாறுகிறது. சூத்திரத்தை நிறுவப் பாடத்தில் நேரம் உண்டு. பேசாத சுற்றைப் பேசவைக்க நேரம் கிடையாது. அதனால் ஆப்-ஆம்ப் பழுது என்பது ஐ.சி.யோடு கூடவே பிறந்த தனி வித்தை என்றும், அதற்கு முந்தைய ரேடியோ கடை வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் ஓர் எண்ணம் படிந்துவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். இந்தச் சுற்றில் நாம் செய்யும் சோதனைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாமே ஐ.சி. வருமுன் வால்வு ரேடியோவும் மைக் செட்டும் வெளிநாட்டு டேப் ரெக்கார்டரும் கற்றுக்கொடுத்தவை. ஒவ்வொன்றும் எந்தக் காலத்துப் படிவு என்று பிரித்துச் சொல்லவும் முடியும்.

அப்படிப் பிரித்துப் பார்க்கத் தோதான ஊர்களில் ஒன்று கூத்தாநல்லூர். திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், லெட்சுமாங்குடியை ஒட்டி, நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரின் வரும்படி வயலை மட்டும் நம்பியதில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர் இது. ‘சின்ன சிங்கப்பூர்’ என்ற பட்டப்பெயர் சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. 1973இல் அது ஓய்ந்தபின் ‘சிதம்பரம்’ கப்பல் அந்தத் தடத்தைத் தொடர்ந்தது. 1985 தீவிபத்தோடு அதுவும் முடிந்தது. அதற்குள் சபுராளிகளின், அதாவது பிழைக்கக் கடல் தாண்டிப் போனவர்களின், திசை அரபு நாடுகளுக்குத் திரும்பிவிட்டிருந்தது. பெட்டியில் என்ன வந்தது என்பதை விட, வந்த பொருள் எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் இங்கே முக்கியம். திருச்சி வானொலி 1939 மே மாதம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பாக்ஜலசந்தியைத் தாண்டி இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் கரையோரத்தில் நன்றாகக் கேட்டது. காவிரி நீரைத் தேக்கிய மேட்டூர் அணையிலேயே 1937 முதல் மின்சாரமும் எடுக்கப்பட்டது. கேட்க நிகழ்ச்சி உண்டு, கருவி வாங்கக் காசும் உண்டு. ஆனால் கருவியைச் செய்த கம்பெனி கடல் தாண்டி இருந்தது. சர்வீஸ் புத்தகமும் உதிரிபாகமும் அங்கேயே நின்றுவிட்டன. பழுது தேடும் ஒழுங்கு இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

முதல் படிவு வால்வு காலத்தது. பேசாத ரேடியோ ஒன்று மேசைக்கு வந்தால், உள்ளே ஐந்து வால்வும் எரிகிறதா என்று பார்த்த பிறகு, அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பின்னோக்கி நடப்பார். கடைசி வால்வின் கிரிட்டில் விரல் வைத்தால் லேசாக ‘உர்’ என்று கேட்க வேண்டும். அதற்கு முந்தைய வால்வின் கிரிட்டில் வைத்தால் அதே ஒலி பல மடங்கு உரக்கக் கேட்க வேண்டும். வீட்டு மின்கம்பிகளிலிருந்து நம் உடம்பு வாங்கிக்கொள்ளும் 50 சுழற்சி இரைச்சல்தான் அது. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாத ஊரில் உடம்பே சிக்னல் ஜெனரேட்டர். கடைசி வால்வு உறுமி, முந்தையது ஊமையாக இருந்தால், கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவே என்று ஒரே நிமிடத்தில் முடிவாகிவிடும். அதே வால்வின் அனோடில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பதால் ஒரு கை மட்டுமே செட்டுக்குள் போகும். மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆய்வகக் கையேடு இன்று ‘சிக்னல் டிரேசிங்’ என்று தலைப்பிட்டுச் சொல்வது இதைத்தான். இரண்டு ஆப்-ஆம்ப் அடுக்கிய சுற்றில் முதல் கட்டத்தின் வெளியீட்டை அளந்து, சரியென்றால் அடுத்ததற்குப் போவது, அளவுகோல் மாறிய பழைய நடைதான்.

வால்வு காலம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. அதை நாம் ஆப்-ஆம்பின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக முன்பக்கத்துக்குத் திருப்பி அனுப்பி உருக்குலைவைக் குறைக்கலாம் என்று 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் கண்டார். அவர் மனத்தில் இருந்தது தொலைதூரத் தொலைபேசித் தடம். அந்த எதிர்ப் பின்னூட்டம் பின்னர் நல்ல வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மரின் வெளிச்சுற்றிலிருந்து ஒரு வயர் முன்கட்டத்துக்குத் திரும்பியது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, மறுபடி சுற்றிய ஒன்றைப் போடும்போது அதன் இரண்டு முனைகளும் இடம் மாறிவிட்டால், எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிடும். சுவிட்சைப் போட்டதும் செட் கூவும். மருந்து எளிது: இரண்டு வயரையும் மாற்றிப் போட வேண்டும். பின்னூட்டம் என்ற பாடத்தை ஒருநாளும் படிக்காத கையும் இதைச் செய்தது. 741இல் இரண்டாம் காலையும் மூன்றாம் காலையும் மாணவர் மாற்றிச் செருகுவது அச்சு அசலாக இதே பிழை. ஒரு வேறுபாடு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் டிசி மின்னழுத்தத்தைக் கடத்தாது என்பதால் வால்வு செட் கூவியது. ஐ.சி.யில் பின்னூட்டம் ரெசிஸ்டர் வழியாக நேரடியாக வருவதால் வெளியீடு கூவாமல் ஒரு பக்கத்து வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அறிகுறி மாறினாலும் நோய் அதேதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ரேடியோ கடைக்காரர் காரணம் தெரிந்து செய்யவில்லை, பாகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒன்று பொருந்தியது; இதைப் போய் முறை என்பதா? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது பிந்திய காலத்தின் உண்மை. பாகத்தை மாற்றிப் பார்க்கப் பாகம் கையில் இருக்க வேண்டும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல்தான் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. இறக்குமதிக்கோ 1991 வரை கட்டுக்குமேல் கட்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த செட்டுக்குச் சரியான வால்வு வேண்டுமென்றால் அடுத்த முறை ஊருக்கு வருபவர் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் எது கெட்டது என்று உறுதியாகத் தெரியாமல் ஆள் சொல்லி அனுப்ப முடியாது. பஞ்சம்தான் ஒழுங்கைக் கட்டாயமாக்கியது. மலிவான ஐ.சி.கள் பெருகிய பிறகு, முதல் வேலையாக ஐ.சி.யைப் பிடுங்கி எறியும் பழக்கம் வந்தது உண்மை. அதில் போர்டின் செம்புத் தடமும் கூடவே பெயர்ந்து, ஒரு பழுது இரண்டானதும் உண்டு. பிரெட்போர்டில் இன்றைய மாணவர் செய்வதும் இதுவே. ஐ.சி.யை மூன்று முறை மாற்றிவிட்டு மூன்றும் கெட்டவை என்று முடிவு கட்டுவார். பழைய முறைக்கு இதில் பங்கில்லை. அது தேய்ந்த பின் மிஞ்சிய வழக்கம் இது.

இரண்டாவது படிவு மைக் செட்டுடையது. கல்யாணம், கந்தூரி, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று இந்தக் காவிரி டெல்டாவில் ஒலிபெருக்கிக்கு வேலை அறுவடையை ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலிருந்து ஓங்கி அடிக்கும்போது ஆம்ப்ளியும் குழாயும் கொட்டகையில் கிடக்கும். தை பிறந்து சம்பா களத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் செட் தேவைப்படும். மூன்று மாத ஈரத்தில் பிளக்கும் சாக்கெட்டும் வால்யூம் கன்ட்ரோலும் பூத்துப்போயிருக்கும். ஆம்ப்ளியின் மூடியைக் கழற்றுமுன் இணைப்புகளைத் துடைத்துப் பார் என்ற விதி அங்கிருந்து வருகிறது. 1940இல் டெல்லியில் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர் எத்தனை உறுதியாக இருந்தாலும் மைக் வயரின் நுனியில் ஓர் இழை அறுந்தால் கூட்டம் கலையும். பூச்சு கழன்ற வயரில் எர்த் விட்டுப்போனால் ‘உம்’ என்று ஹம் ஏறும். மைக் எர்த்தும் பவர் எர்த்தும் வெவ்வேறு இடத்தில் சேர்ந்தாலும் ஏறும். எர்த் எல்லாம் ஒரே புள்ளியில் கூட வேண்டும் என்பதைச் செட்காரர்கள் இரைச்சலிலிருந்தே கற்றார்கள்.

பிரெட்போர்டுக்கு இந்தப் பாடம் வேறு எதைவிடவும் அதிகம் பொருந்தும். மரப்பலகையில் ஆணி அடித்து அதில் வயர் சுற்றிய பழைய வழியை மாற்றி, செருகினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பலகையை ரொனால்ட் போர்ச்சுகல் 1971இல் வடிவமைத்தார். வசதி பெரிது, ஆனால் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயருக்கே இருபதுக்கு மேற்பட்ட தொடுபுள்ளிகள், எல்லாமே ஈயம் இல்லாத தொடுபுள்ளிகள். தடித்த கால் ஒருமுறை நுழைந்த துளை பிறகு மெல்லிய காலைப் பிடிக்காது. ஓரத்தில் ஓடும் பவர் வரிசை பல பலகைகளில் நடுவே துண்டுபட்டிருக்கும். மேல்பாதியில் 9 வோல்ட் கொடுத்துவிட்டுக் கீழ்பாதியில் எதிர்பார்ப்பது மிகப் பழகிய பிழை. இரண்டு பேட்டரி வைத்து நேர், எதிர் என இரு வோல்ட் கொடுக்கும்போது, பேட்டரிகளின் நடுமுனையைச் சுற்றின் எர்த்தோடு சேர்க்க மறந்தால் எல்லாம் மிதக்கும். அளவுகள் எதுவும் பொருள்படாது. ஐ.சி.யின் பவர் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபேரட் கன்டென்சர் வைக்காவிட்டால் நீண்ட வயர்களின் வழியே சுற்று தானாக அதிரும். இவற்றில் எதற்கும் ஆப்-ஆம்ப் கோட்பாடு தேவையில்லை. மழைக்கால முடிவில் செட்டைத் தூசி தட்டியவருக்கு இவை எல்லாமே பழைய பகைகள்.

மூன்றாவது படிவு வளைகுடா டேப் ரெக்கார்டருடையது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட் பக்கம், 50 சுழற்சி. அங்கிருந்து வந்த ரேடியோவை அப்படியே செருகலாம். அன்று சவூதியின் பல பகுதிகளில் 127 வோல்ட், 60 சுழற்சி. டேப் ரெக்கார்டரின் முதுகில் வோல்ட்டை மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். அதைத் திருப்பாமல் இங்கே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகையும். (60 சுழற்சி நாட்டின் ஏசி மோட்டார் ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்தவர்களுக்கு வேறு வேடிக்கை: ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றி, 33 சுற்றுத் தட்டு 28 ஆகி, பாடகர் குரல் தடித்துப்போகும்.) ஆகவே பவர் எவ்வளவு வருகிறது என்பதை அளக்காமல் மேற்கொண்டு போகாதே என்பது டிரான்சிஸ்டர் காலத்தின் முதல் விதியானது. விரல் சோதனைக்கு இருந்த இடத்தை மல்டி மீட்டர் பிடித்தது. அளக்கும் இடமும் முக்கியம். அடாப்டரின் நுனியில் 12 வோல்ட் இருந்தால் போதாது, ஐ.சி.யின் காலிலேயே இருக்க வேண்டும்.

இந்தப் படிவின் வழியாகத்தான் ஆப்-ஆம்ப் டெல்டாவுக்குள் நுழைந்தது. பாடப்புத்தகத்தின் வழியாக அல்ல. உள்ளூரில் கோத்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர்களில் பாஸ்-டிரபிள் போர்டில் உட்கார்ந்திருக்கும் 4558 ஐ.சி. இரண்டு ஆப்-ஆம்புகளின் கூடு. ஸ்பீக்கரை ஓட்டும் டிடிஏ 2030, ஐந்து கால் கொண்ட பெரிய ஆப்-ஆம்ப்தான்: நேர் உள்ளீடு, எதிர் உள்ளீடு, இரண்டு பவர், ஒரு வெளியீடு. ஒற்றை 12 வோல்ட்டில் ஓடும் 4558 போர்டில் எட்டாம் காலில் 12, நான்காம் காலில் பூஜ்யம், இரண்டு வெளியீட்டுக் கால்களிலும் பாதி, அதாவது 6 வோல்ட் இருக்க வேண்டும். பாதி வோல்ட் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் கெட்டது, அல்லது பாதியைக் கொடுக்கும் ரெசிஸ்டர் ஜோடி கெட்டது. எல்ஏ 4440 போன்ற கேசட் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.கள் கண்டிப்பான பொருளில் ஆப்-ஆம்ப் அல்லவே என்று கேட்கலாம். அல்லதான். ஆனால் அவற்றிலும் வெளியீட்டுக் கால் பாதி வோல்ட்டில் நிற்கிறதா என்ற கேள்வியே முதல் கேள்வி. கேள்வி ஒன்றாக இருக்கும்போது வகைப்பெயர் வேறாக இருப்பது என் வாதத்தைப் பாதிக்காது.

அப்படியானால் ஆப்-ஆம்ப் புதிதாகக் கொண்டுவந்த அந்த ஒன்று எது? அதற்கு அதன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாட்டுக்காகப் பிறந்த பொருள் அல்ல அது; கணக்குப் போடப் பிறந்தது. கூட்டல், கழித்தல், தொகையிடல் ஆகியவற்றை வோல்ட்டுகளால் செய்யும் கணிப்பொறிக்கான பாகமாக 1947இல் ராகஸினியும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை அதற்குப் பெயரிட்டது. 1950களின் தொடக்கத்தில் ஃபில்பிரிக் நிறுவனம் வால்வு வைத்த கட்டியாக அதை விற்றது. ஃபேர்சைல்டில் பாப் விட்லர் 1965இல் 709ஐயும், டேவ் ஃபுல்லாகர் 1968இல் 741ஐயும் ஒரே சில்லில் அடக்கினார்கள். 709இல் அதிர்வைத் தடுக்க வெளியே கன்டென்சர் வைக்க வேண்டும். 741இல் 30 பிக்கோ ஃபேரட் கன்டென்சர் உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் மாணவர் கைக்கு அது அஞ்சாமல் வந்தது. கணக்குக் கருவி என்பதால் அதன் உள் பெருக்கம் லட்சக்கணக்கில் வைக்கப்பட்டது. பெருக்கம் அவ்வளவு பெரிது என்றால், பின்னூட்டம் உயிரோடு இருக்கும்வரை இரண்டு உள்ளீட்டுக் கால்களுக்கும் இடையே வோல்ட் வேறுபாடு அநேகமாக இருக்கவே முடியாது. இரண்டாம் காலும் மூன்றாம் காலும் மீட்டரில் ஒரே அளவு காட்ட வேண்டும். வால்வு காலத்திலோ டிரான்சிஸ்டர் காலத்திலோ இப்படி ஒரு சோதனை இல்லை. இதுதான் புதிது.

இந்த ஒன்றின் பலம் பெரிது; அதைப் பாடங்கள் கணக்குக்குப் பயன்படுத்திவிட்டுப் பழுதுக்குப் பயன்படுத்தாமல் விடுகின்றன. வெளியீடு 8 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு உள்ளீடுகளையும் அளந்து பார்த்தால், மூன்றாம் கால் இரண்டாம் காலைவிட உயர்ந்து இருந்தால் ஐ.சி. தன் வேலையைச் சரியாகவே செய்கிறது: மேலே போ என்றால் மேலே போய் நிற்கிறது. குற்றம் வெளியே, பெரும்பாலும் பின்னூட்ட ரெசிஸ்டர் ஒரு வரிசை தள்ளிச் செருகப்பட்டிருக்கும். மாறாக, இரண்டாம் கால் உயர்ந்திருந்தும் வெளியீடு மேலேயே நின்றால் ஐ.சி. செத்தது, அல்லது பவர் கால்களில் கோளாறு. ஒரே அளவீட்டில் உள்ளே, வெளியே என்று வீடு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மூன்று ஐ.சி. பிடுங்கியவருக்கு இது தெரிந்திருந்தால் ஒன்றைக்கூடப் பிடுங்கியிருக்க மாட்டார். வால்வு மெக்கானிக் இரண்டு கிரிட்டுக்கு நடுவே கோளாறை அடைத்தது போலத்தான் இதுவும் தர்க்கத்தில் அமைந்திருக்கிறது. புதிய சோதனையும் பழைய வேலையையே செய்கிறது.

கடைசி மறுப்புதான் வலுவானது. பழுது பார்ப்பவர் கைக்கு வருவது ஒருகாலத்தில் ஓடிய செட்; வடிவமைப்பு சரி என்று அவர் நம்பலாம். பிரெட்போர்டில் கிடப்பதோ ஒருமுறைகூட ஓடாத சுற்று. தவறு வடிவமைப்பிலேயே இருக்கலாம். இரண்டு தர்க்கங்களும் ஒன்றா? முழுக்க ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வகச் சுற்று புத்தகத்திலிருந்து எடுத்தது. அங்கேயும் வடிவமைப்பு நம்பப்பட்டதே. கடைகளிலும் பிறர் செய்த செட்டை மட்டும் பார்த்தார்கள் என்பதில்லை, ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே கோத்து விற்றார்கள். ஒருமுறைகூட ஓடாத சுற்றை ஓட வைப்பது அவர்களுடைய அன்றாட வேலை. வடிவமைப்புப் பிழைகளில்கூடச் சில இந்த முறைக்குள் வந்துவிடுகின்றன. மூன்றாம் காலுக்குக் கன்டென்சர் வழியாக மட்டும் ஒலியைக் கொடுத்து, அங்கிருந்து எர்த்துக்கு ரெசிஸ்டர் போட மறந்த சுற்றை எடுத்துக்கொள்வோம். 741இன் உள்ளீடு சுமார் 80 நானோ ஆம்பியர் உறிஞ்சும். அது வர வேறு வழியில்லாததால் 1 மைக்ரோ ஃபேரட் கன்டென்சரிலிருந்து உறிஞ்சி, அந்தக் காலை நொடிக்கு 0.08 வோல்ட் வீதம் கீழே இழுக்கும். பத்து மடங்குப் பெருக்கத்தில் வெளியீடு பத்து நொடிக்குள் எதிர் வோல்ட்டில் போய் ஒட்டும். முதலில் பேசி, மெல்லத் திணறி, ஊமையாகும் செட். வால்வு ரேடியோவில் கிரிட்டுக்கும் எர்த்துக்கும் இடையிலான கசிவு ரெசிஸ்டர் அறுந்தால் இதே கதை நடக்கும். அதைக் கண்டவர் இதையும் காண்பார்.

காணாதது ஒன்று உண்டு. ஒரே 741இல் ஆயிரம் மடங்குப் பெருக்கம் எடுத்து மைக்கை நேராகச் சேர்த்தால், பவர் சரியாக இருக்கும், எர்த் சரியாக இருக்கும், இரண்டு உள்ளீடுகளும் சமமாக இருக்கும், பேச்சும் கேட்கும். ஆனால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் மழுங்கி, கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல் வரும். அந்த ஐ.சி.க்குப் பெருக்கமும் அதிர்வெண்ணும் பெருக்கினால் சுமார் 10 லட்சம்தான். ஆயிரம் மடங்கு கேட்டால் ஆயிரம் சுழற்சிக்கு மேல் அது தளரும். எந்தப் பாகமும் கெடவில்லை, எந்த இணைப்பும் விடவில்லை. மீட்டரும் விரலும் இங்கே எதையும் சொல்லாது. தரவுத்தாளைப் புரட்டி, பெருக்கத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு 32 மடங்கு வீதம் வைத்தால்தான் குரல் தெளியும்.